முப்பத்தேழாவது புள்ளி

எனக்கு ஊசி என்றால் பயம். சிரிக்க வேண்டாம், உங்கள் விசாரணைக்கு இது தேவைப்படும். சிறு வயதில் தடுப்பூசி போட வந்த நர்சைக் கண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்தவள், வளர்ந்ததும் வலிக்காத தடுப்பூசி கண்டுபிடிக்கப் புறப்பட்டேன். ஸ்டிக்கர் பொட்டு மாதிரி கையில் ஒட்டினால் மருந்து தோலுக்குள் இறங்க வேண்டும். வேர்த்ததும் பொட்டு உதிர்ந்துவிட்டது. புதுச்சேரியில் வேர்க்காத தோலுக்கு எங்கே போவது? அதற்கும் ஒரு விருது கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது, விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இரண்டே நிமிடத்தில் கொலஸ்ட்ரால் அளவைச் சொல்லும் கருவி. சோப்பு டப்பா அளவுதான். அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துக் கொடுத்தவர் ஜீனத்துன்னிசா அக்கா. புதுச்சேரியின் சாரம் பகுதியில் என் ஆய்வகம், ஒரு வீட்டு மாடியில். அவர் கீழ்வீட்டில் தையல் வேலை செய்தார்.

சோதனைக்கு நாற்பது பேர் வெறும் வயிற்றில் வரவேண்டும். வந்தவர்களோ, "ஒரு டீதாம்மா குடிச்சேன்" என்றார்கள். அந்த நேரத்தில் நோன்பு மாதம் பிறந்தது. விடியலிலிருந்து சாப்பிடாத பெண்கள் கீழ்வீட்டிலேயே இருக்கிறார்கள் என்று தோன்றியபோது என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். தண்ணீரும் குடிக்காவிட்டால் சிலருக்கு ரத்தம் கெட்டிப்படும், கருவியின் சோதனைப் பட்டையில் சரியாகப் பரவாது என்பது மட்டும் தோன்றவில்லை. அது தவறு. நான் சொல்ல வந்தது தவறைப் பற்றி அல்ல.

மாலை நான்கு மணிக்கு அக்கா மூன்று பெண்களோடும் மகள் இஃப்ஃபத்தோடும் மாடியேறி வந்தார்.

"ரத்தம் குடுத்தா நோன்பு முறியாதுன்னு கேட்டுட்டுதான் வந்தோம். நீ பாட்டுக்கு எடு."

அக்காவுக்குக் கருவி 164 என்றது, இருநூறுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. லேபுக்கு அனுப்ப ஒரு குழாய் ரத்தமும் எடுத்தேன், கண்ணை மூடிக்கொண்டு இல்லை.

அக்காவுக்கு இரண்டு வருடம் முன்பு நெஞ்சுவலி வந்திருந்தது. அன்றிலிருந்து கொலஸ்ட்ரால் மாத்திரை.

"அத முழுங்குனா காலு ரெண்டும் கடுக்குது சுடர். மெஷின மெதிக்க முடியல. நிறுத்திடவா?"

"டாக்டர கேக்காமயா?" என்றாள் இஃப்ஃபத்.

"அவரு மூணு மணி நேரம் உக்கார வச்சுட்டு மூஞ்சியக்கூட பாக்க மாட்டாரு. இவ ரெண்டு நிமிசத்துல சொல்லிட்டா பாரு."

என்னை யாரும் அதுவரை டாக்டருக்கு மேலே வைத்ததில்லை. "அதான் கருவியே சொல்லுதே அக்கா" என்றேன்.

மறுநாள் அக்காவின் லேப் அறிக்கை வந்தது. 271.

வரைபடத்தில் முப்பத்தொன்பது புள்ளிகள் கோட்டை ஒட்டி நின்றன. முப்பத்தேழாவதான அக்காவின் புள்ளி மட்டும் கீழே தனியாகக் கிடந்தது. பாரிஸ் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப இரண்டு நாள் இருந்தது. 'ரத்த மாதிரி சேதம்' என்று காரணம் எழுதி அந்தப் புள்ளியை நீக்கினேன். சேதமான ரத்தத்துக்கு எண் ஏது? ஆகவே அறிக்கையை மேசை இழுப்பறையில் வைத்தேன். கீழே போய் 271 என்று சொல்ல பதினாறு படிகள். அவற்றில் தினமும் இறங்கத்தான் செய்தேன், வீட்டுக்குப் போவதற்கு.

தையல் மெஷின் முன்பைவிட வேகமாக ஓடியது. மாத்திரையை நிறுத்தியதும் கால் கடுப்பு போய்விட்டதாம். கேட்கப் பெருமையாக இருந்தது.

பெருநாளன்று பிரியாணி வந்தது. "இவ்ளோ நெய்யா? என் கருவிக்கு வேலை வச்சிட்டீங்க" என்று ஜோக் அடித்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். நான் நன்றாக வளர்க்கப்பட்டவள்.

அதற்குப் பதினெட்டாம் நாள் காலை, மாநாட்டில் சொல்ல வேண்டிய பிரெஞ்சு வணக்கத்தைக் கண்ணாடி முன் பழகிக்கொண்டிருந்தேன். தையல் சத்தம் நின்றது. அப்பாடா என்று இருந்தது, என் உச்சரிப்பு எனக்கே தெளிவாகக் கேட்டது. பிறகுதான் கீழே இஃப்ஃபத் 'அம்மா' என்று அலறுவது கேட்டது.

"காலுவலி போச்சுன்னு அம்மா தெனம் உங்களுக்குத்தாங்கா துவா செஞ்சாங்க" என்றாள் அவள், அக்காவை அடக்கம் செய்த மூன்றாம் நாள். கருவியின் உறை கிழிந்திருந்தால் தைத்துத் தருவதாகவும் சொன்னாள்.

இழுப்பறையை நானேதான் உங்களுக்குத் திறந்து காட்டினேன். தெரிந்தே மறைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கட்டுரையின் நன்றியுரையில் அக்காவின் பெயரை முதலாவதாகப் போட்டிருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கருவியை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அந்த ஒரு புள்ளியை விட்டுவிட்டுப் பாருங்கள், கோடு எவ்வளவு நேராகப் போகிறது.