மொறிஸ் மைனருக்குப் பகல் லைற்

பழைய காருக்குப் பகலிலும் லைற் வேண்டும் என்பது என் கொள்கை, இன்ஸ்பெக்டர் ஐயா. என்னுடைய மொறிஸ் மைனர் சாம்பல் நிறம். மன்னார்ப் புழுதியில் அது நிற்பதும் தெரியாது, வருவதும் தெரியாது. நான் இருபது வருடம் பாடசாலை அதிபராக இருந்தவன். ஆட்கள் என்னைக் காணாமல் போவது எனக்குப் பழக்கமில்லை. றிஸ்லானின் பிள்ளை எப்படிச் செத்தது என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

லைற்றைப் பூட்டியதே றிஸ்லான்தான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் வாகன வயரிங் வேலை செய்கிறவன், என்னிடம் படித்தவன்.

“சேர், பகல்ல லைற் எரிஞ்சா ஆசுபத்திரிக்கு ஆளைக் கொண்டுபோற வாகனமெண்டு சனம் நினைக்கும்,” என்றான்.

சனம் நினைப்பதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை என்றேன்.

முதல் நாளே சனம் அப்படித்தான் நினைத்தது. தாழ்வுபாட்டு ரோட்டில் மீன்பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிள்கள் மணலில் இறங்கி நின்றன. பேக்கரியில் பாண் வாங்கப் போன என்னைப் பார்த்து, சந்தியில் மரக்கறி விற்கும் றோசம்மா சிலுவை அடையாளம் போட்டாள். மறுநாள், “ஆருக்குச் சேர் கடுமை?” என்று கேட்டாள். இப்போது பரவாயில்லை என்றேன். அது பொய்யில்லை, வீட்டில் எல்லோரும் சுகமாகத்தான் இருந்தோம்.

வெட்கமாக இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு நாள் இருந்தது. வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு எனக்காக எழுந்து நின்றவர் யாருமில்லை. இப்போது லொறிகளே ஒதுங்கின. ஒருநாள் லைற்றை அணைத்துவிட்டுக் காரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு ஓட்டோக்காரன் என்னை முந்திக்கொண்டு, ஏதோ கிழவனைக் கூப்பிடுவதுபோல், “அப்பு, ஓரமாப் போங்கோ,” என்றான். அன்று மத்தியானமே றிஸ்லானிடம் போய், மூடுபனிக்குப் போடுகிற மஞ்சள் லைற் இரண்டும் முன்னால் வேண்டும் என்றேன்.

“மன்னாரில மூடுபனி எங்க சேர் இருக்கு?”

மார்கழியில் இரண்டு நாள் வரும்தானே என்றேன். அவன் சிரித்துக்கொண்டே பூட்டினான். தன் மனைவி முஸ்பிரா சிலாவத்துறையில் தாய் வீட்டில் இருக்கிறாள், இந்த மாதம் பிள்ளை கிடைத்துவிடும் என்று சொன்னதும் அன்றுதான். தலைப்பிள்ளை. நான் ஆசீர்வதித்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வங்காலையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஊர் தாண்டியதும் பின்னால் ஒரு வான், லைற் போட்டபடி, ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. யாரோ என்னைப் பார்த்துப் பகல் லைற் போடப் பழகிவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு நூறு யார் தூரத்துக்குத்தான். பிறகு கண்ணாடியில் றிஸ்லானைக் கண்டேன். ஒரு கையால் ஓட்டியபடி வழிவிடச் சொல்லி மற்றக் கையில் வெள்ளைக் கைலேஞ்சியை வெளியே பிடித்திருந்தான். உள்ளே யார் கிடக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

நான் நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன், வானுக்கு முந்த இடமில்லை; ஓரமாக ஓடும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. விலகியிருக்கலாம். ஆனால் எதிரே வந்த பஸ்ஸும் லொறிகளும் எனக்காக ஒதுங்கி நின்றன. அவர்கள் பார்க்க நான் விலகினால், இத்தனை மாதமும் என் காரில் நோயாளி எவரும் இருந்ததில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஒரு அதிபருக்கு அது சரிவராது. மஞ்சள் லைற்றையும் போட்டேன். இருபது மைல் வேகத்தில், ஒழுங்காக, கடலுக்கு நடுவே போகும் பாலத்தையும் கடந்து ஆசுபத்திரி வாசல் வரை முன்னால் போனேன். வெயில் கொளுத்தியது.

பத்து நிமிடம் முந்தி வந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று டொக்டர் சொன்னாராம். டொக்டர்மாருக்கு ரோட்டைப் பற்றி என்ன தெரியும்? அத்தனை வாகனத்தையும் ஒதுக்கி அவர்களுக்கு வழி எடுத்துக் கொடுத்தது என் கார்.

சாயந்தரம் றிஸ்லான் என் வீட்டுக்கு வந்தான். சத்தம் போடவில்லை.

“கண்ணாடியில என்னைக் கண்டனீங்கள்தானே, சேர்?”

ஓம் என்றேன். படிப்பித்த பிள்ளைகளிடம் நான் பொய் சொல்வதில்லை.

ஆகவே, தெரிந்துகொண்டுதான் விலகவில்லை, அப்படியே எழுதுங்கள். வழி முழுக்க ஒரு அதிபருக்குப் பின்னால் நின்று அவன் ஹோர்ன் அடித்ததை நான் மன்னித்துவிட்டேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.