நூறு சேரும்வரை ஆறு ஒயர்

தலைமை ஏற்று, தண்ணீர் பாட்டிலோடு தயாராக அமர்ந்திருக்கும் கொள்முதல் தலைவர் அவர்களே! ஆறு மருத்துவமனைகளிலிருந்தும் வந்து அரங்கை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பிறர் பெற்ற பிள்ளைக்காகக் கண்விழிக்கும் செவிலித் தாய்மார்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நம் மத்தியக் கொள்முதல் மென்பொருளுக்கு இன்று ஒரு வயது. வாழ்த்திப் பேசு என்றார்கள். நிலுவையே வைக்காத அலுவலர் என்று எனக்கொரு விருதும் உண்டாம். அந்த விருது வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு மருத்துவமனை, ஆறு மென்பொருள், அத்தனையையும் கோப்பது நம் மத்திய மென்பொருள். அங்கே கேட்பதெல்லாம் இங்கே எங்கள் திரையில் வந்து விழும். பட்டியலில் பெயரில்லாத பொருள் என்றால், ‘இதர பொருட்கள்’ என்று என் தலையில் விழும். நான் யார்? நாற்காலி வாங்குகிறவன்! துடைப்பம் வாங்குகிறவன்! என்னிடம் வந்தது, ‘சூடு அளக்கும் ஒயர், ஆறு’. மொத்தமாக வாங்கினால்தான் மலிவு என்பது எங்கள் கணக்கு. நூறு சேரட்டும் என்று காத்திருப்புப் பட்டியலில் தள்ளினேன். தள்ளியது நிலுவையில் வராது. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது!

ஆறு வாரம் போயிற்று. கேட்டவர்கள் திருத்தி அனுப்பலாமென்றால், அனுப்பியதுமே அந்தக் கேட்பு அவர்கள் திரையில் பூட்டிக்கொண்டது. மென்பொருள்காரரைக் கேட்டேன். “அவங்க அனுப்பிட்டாங்க, நமக்கு வந்துடுச்சு. எங்க பக்கம் ஒரு தப்பும் இல்லையே சார்” என்றார். அனுப்பியவர் அனுப்பிவிட்டார், பெற்றவர் பெற்றுவிட்டார், பொருள் மட்டும் போய்ச் சேரவில்லை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

இன்று காலை ஒரு செவிலி அம்மா இரண்டு பஸ் மாறி வந்து, அறுந்த ஒயர் ஒன்றை என் மேசைமேல் வைத்தார். “குறைமாசக் குழந்தைங்களைச் சூடா வெச்சுக்கிற மெஷினோட ஒயர் சார் இது. மூணு மெஷின் சும்மா நிக்குது. ரெண்டு குழந்தையை ஒண்ணுலயே போட்டு வெச்சிருக்கேன். உங்க நூறு எப்ப சார் சேரும்?”

எப்போது சேரும்? நூறு சேர வேண்டுமென்றால் எத்தனை மெஷின் நிற்க வேண்டும்? எத்தனை குழந்தை குளிர வேண்டும்? எங்கிருந்து வந்தாலும் ஒவ்வொரு கேட்புக்குப் பின்னாலும் ஒரு மனுஷி நிற்கிறாரே! இது எதற்கம்மா என்று ஒரு போன், ஒரே ஒரு போன் போட்டேனா? வெட்கமாக இருக்கிறது.

தலைவர் அவர்களே, விருது இருக்கட்டும். ஆறை மட்டும் உடனே வாங்க அனுமதிக் கடிதம் இதோ, பேனாவும் இதோ. “கீழ இறங்கினதும் போடறேம்பா” என்கிறார். முடியாது ஐயா! கையெழுத்து விழும்வரை இந்த மைக்கை விடமாட்டேன். மூன்றாம் வரிசையில் இருக்கும் செவிலி அம்மா, எழுந்து நில்லுங்கள், ஐயா உங்கள் முகத்தைப் பார்க்கட்டும்.

போட்டுவிட்டார்! அம்மா, வாங்க, வண்டி வாசலில் நிற்கிறது, கடை ஏழு மணிவரைதான். பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. மீதியைப் பேச நேரமில்லை, வணக்கம்!