வலப்பக்கம் திருகிய ஷாக் அப்சார்பர்

அந்தச் சத்தம் கேட்டுச்சா அக்கா? டிக்... டிக்... டிக்னு. அதேதான். இருட்டினப்புறம் எங்க கார் கொட்டகையில கேக்குதுன்னு எங்க மாமியார் பத்து நாளா சொல்லிக்கிட்டிருந்த சத்தம் அதேதான். இப்ப திருகுறது உங்க வீட்டுக்காரருன்னு தெரிஞ்சும் டீயைச் சிந்திட்டேன் பாருங்க. இருங்க, தொடைச்சுத் தர்றேன். எழுந்திரிக்காதீங்க ஹமீதாக்கா. அவரும் எங்க வீட்டுக்காரரும் டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டு வண்டிக்கு அடியில கெடக்காங்க, இப்போதைக்கு வரமாட்டாங்க. மெக்கானிக்கைக் கூப்பிட்டா கூடவே நீங்களும் வருவீங்கன்னு நான் நெனைக்கவேயில்ல. இந்த வீட்ல நான் பேசினா கேக்குறதுக்கு யாரு இருக்கா... இந்த ஆறு மாசப் புள்ளையத் தவிர.

எல்லாம் அந்த ஷாக் அப்சார்பர், குலுக்கலைத் தாங்குற சாமான், அது பண்ற கூத்து. பழசுக்கு என்ன கொறைச்சல்ங்கிறீங்க? தூளி அக்கா, தூளி! கல்லணை ரோட்ல அத்தனை பள்ளத்துலயும் மெதந்துக்கிட்டுப் போகும். புள்ளை என்னதான் கத்தினாலும் வண்டியில ஏறினாப் போதும், வாய்க்கால் பாலம் தாண்டுறதுக்குள்ள தூங்கிடும். அதைக் கழட்டிப் போட்டுட்டு, பந்தயக் காருக்கு மாட்டுற ரகமாம், வேணுங்கிற அளவுக்கு இறுக்கியும் தளத்தியும் வச்சுக்கலாமாம்... நாலு சக்கரத்துக்கும் நாலு திருகு. நான் உங்க வீட்டுக்காரரு மீரா உசேன் அண்ணனைக் குத்தம் சொல்லல. திருக்காட்டுப்பள்ளி ரோட்டுக்கு இதெல்லாம் எதுக்கு தம்பின்னு அவரு கேட்டாராம். இவரு காதுல ஏறினாத்தானே.

ஏன் மாத்தினாரு தெரியுமா? இராஜாங்கம் முந்திட்டாராம். அதான், இவரோட பெரியப்பா மகன். வாய்க்காலுக்கு அந்தாண்ட மூணு மா நிலம், ஒரு ஏக்கர்தான், அதுக்கு ரெண்டு வீட்டுக்கும் பத்து வருஷமா சண்டை. அவங்க கட்சி ஆட்சிக்கு வந்தா பட்டா அங்க போகும், எங்க கட்சி வந்தா இங்க திரும்பும். ரெண்டு கொடியிலயும் கறுப்பு செவப்பு இருக்கு, கார்ல பறக்குறப்ப எது எதுன்னு எனக்கு இன்னும் அடையாளம் தெரியாது. நெல்லு மட்டும் எந்தக் கட்சின்னு கேக்காம வெளைஞ்சுக்கிட்டிருக்கு. போன மாசம் அந்த நிலத்துக்காக ஆர்.டி.ஓ. விசாரணைக்குப் போறப்ப, கரை வளைவுல எங்க வண்டி ஒரு பக்கமா சாஞ்சு, இவரு பயந்து பிரேக் போட்டிருக்காரு. பின்னாடி வந்த இராஜாங்கம், மெதுவா வாங்க தம்பின்னு கையக் காட்டிட்டுப் போயிட்டாராம். அங்க போனா அதிகாரி லீவு. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்துட்டுத் திரும்பினாங்க. ஆனா மறுநாளே இவரு உங்க பட்டறையில நிக்கிறாரு.

மாட்டின அன்னிக்கே புள்ளை குடிச்ச பாலெல்லாம் என் தோள்ல. தலை இப்படி இப்படி ஆடுது. கொஞ்சம் தளத்துங்கன்னு கெஞ்சினேன். வளைவுல பாருடி, தண்டவாளத்துல போற மாதிரி போகுதுன்னு பெருமை. அப்புறம் நாளுக்கு நாள் மோசமாச்சு. ரோட்ல காயப்போட்ட நெல்லு மேல ஏறினா எத்தனை நெல்மணின்னு உக்காந்த எடத்துலயே எண்ணிடலாம். கொள்முதல் நிலையத்துக்கிட்ட ஒரு வேகத்தடை... எங்க மாமியார் எழும்பி, கொண்டை போய் கூரையில முட்டுச்சு. அன்னிலேர்ந்து அவங்க கார்ல ஏறுறதில்ல. டிக்கெட் இல்லாத லேடீஸ் பஸ்தான். சுகமா இருக்குங்கிறாங்க.

அவங்கதான் அந்த டிக் டிக்கைக் கேட்டது. கேட்டவங்க சும்மா இருந்தாங்களா? பங்காளி வந்து வண்டியில கை வைக்கிறான்டான்னு மகன்கிட்ட ஊதிட்டாங்க. இவரும் வண்டி மோசமானதையும் சத்தத்தையும் சேத்து முடிச்சுப் போட்டுட்டாரு. மனு டைப் அடிச்சாச்சு அக்கா. நாளைக் காலைல ஸ்டேஷன்ல கொடுக்கப் போறாரு. கொல்லப் பாத்தாங்கன்னு எழுதியிருக்கு. இராஜாங்கம் பேரு மட்டும் இல்ல, அவரு மகன் மருதையன் பேரும். அந்தப் புள்ளை சர்க்கார் வேலைக்குப் பரீட்சை பாஸ் பண்ணி, விசாரிக்க போலீஸ்லேர்ந்து ஆள் வரப்போகுதுன்னு காத்திருக்கு. ஒரு கேஸ் விழுந்தா வேலை அவ்வளவுதான். யாரோ திருகியிருக்காங்கன்னு உங்க வீட்டுக்காரரு சாட்சிக் கையெழுத்துப் போடணும். அதுக்குத்தான் இன்னிக்கு வரச் சொன்னது.

யாரோ திருகியிருக்காங்கதான்.

அப்படிப் பாக்காதீங்க அக்கா... எங்கப்பா பொதுப்பணித்துறையில லஸ்கர். மதகைத் திறந்து மூடுற வேலை. கான்வென்ட் விட்டதும் பையோட நேரா மதகுக்குத்தான் ஓடுவேன். வலப்பக்கம் திருகினா பலகை எறங்கும். சீறிக்கிட்டு வர்ற தண்ணி அப்படியே அடங்கிப் போயிடும். அதைப் பாத்து வளந்தவ. வண்டியிலயும் திருகுன்னு சொன்னதும், இதுவும் அப்படித்தான் அடங்கும்னு நெனைச்சேன். இருட்டினதும் இவரு பால் சொசைட்டிக்கு நடந்து போற நேரம், புள்ளைய மாமியார்கிட்ட கொடுத்துட்டு, சக்கரத்துக்குப் பின்னாடி கைய விட்டு, வலப்பக்கமா ரெண்டு டிக். மறுநாளும் தூக்கிப் போட்டுச்சு. சரி, இன்னும் அடங்கலன்னு இன்னொரு ரெண்டு. இப்படியே பத்து நாளு. வலப்பக்கம் திருகினா உள்ள எண்ணெய் போற ஓட்டை அடைஞ்சு மரக்கட்டையாயிடும்னு உங்க வீட்டுக்காரரு சித்த முன்னாடி வாசல்ல சொன்னப்பத்தான் எனக்கே தெரியும்.

அந்தச் சத்தம் நான்தான்னு சொல்லணும்னு தெனமும் வாயெடுக்குறேன். இவரு மூஞ்சியப் பாத்தா உள்ள போயிடுது. இனிமே எப்படிச் சொல்றது? மனு டைப் அடிச்ச மனுசன்கிட்ட...

எங்க எழுந்திரிச்சுட்டீங்க? டீ அப்படியே இருக்கே. செருப்பை ஏன் மாட்டுறீங்க? நானே சொல்லிடுறேன் அக்கா, விடிஞ்சதும்... இல்ல, ஸ்டேஷனுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி சத்தியமா... அக்கா... அக்கா...

போயிட்டாங்க.

வாடி கண்ணு, ஜன்னல்கிட்ட வா. சத்தம் போடாத. உங்கப்பன் எழுந்து நிக்கிறாரு. ஹமீதாக்கா கையைத் திருகித் திருகிக் காட்டுறாங்க. மெக்கானிக் அண்ணன் தலையில கைய வச்சுக்கிட்டாரு. உங்கப்பன் பாக்கெட்லேர்ந்து மனுவை எடுக்குறாரு. கிழிக்கிறாரு. ரெண்டா... நாலா... அப்பாடி. மருதையன் பொழச்சான்.

டார்ச்சு இந்தப் பக்கம் திரும்புது. வர்றாரு. வா, ரூமுக்குள்ள போயிடுவோம். இந்தா, மேல் தாழ்ப்பாளும் போட்டாச்சு, கீழ்த் தாழ்ப்பாளும் போட்டாச்சு. உங்கப்பன் சிரிக்கிற சத்தம் கேட்டாத்தான் திறக்குறது.