டெல்மர் கோட்ஸுக்கு அவ்வளவு குடுத்திருக்கணுமா

இல்ல தம்பி, கத்துங்க, நான் ஒண்ணும் சொல்லல. டிக்கெட்டு உங்க காசு, தொண்டையும் உங்களோடது. நான் திரும்பிப் பாத்தது எதுக்குன்னா, பணத்தத் திருப்பிக் குடுடான்னீங்க பாருங்க, அதுக்குத்தான். டெல்மரா கேட்டான்? இந்த டீம்காரங்கதான் மிசௌரில அவன் வீட்டுச் சாப்பாட்டு மேச வரைக்கும் போய் உக்காந்து குடுத்துட்டு வந்தாங்க.

இங்க உக்காந்துக்கட்டுமா? இந்த வரிசைலதான் கொஞ்சம் வெயில் விழுது. அந்தப் பக்கம் ஏரிக் காத்து எலும்புக்குள்ள போகுது. எடத்துக்கா பஞ்சம். கடைசில கெடக்குற பேஸ்பால் டீமு, செப்டம்பர் மாசம், புதன்கிழம மத்தியானம், யாரு வருவா. நீங்க, நானு, அந்தா கீழ பள்ளிக்கூடத்துலருந்து கூட்டிட்டு வந்த புள்ளைங்க. வேர்க்கடல எடுத்துக்கங்க. சும்மா எடுத்துக்கங்க, எனக்குப் பல்லுல மாட்டுது, பழக்கத்துல வாங்கிட்டேன்.

கணக்குன்னு பாத்தா நீங்க சொல்றது சரிதான். அஞ்சு வருஷம், நூத்திப் பதினஞ்சு மில்லியன் டாலர். முப்பத்தொரு வயசு ஆளுக்கு, அதுவும் ரெண்டு வருஷமா பேட்டு படுத்துக் கெடந்த ஆளுக்கு. இந்த வருஷம் வேலியத் தாண்டி அடிச்ச ஹோம் ரன் ஒம்போதுதான். அதுலயும் மூணு, நாம எப்படியும் தோக்கப் போறோம்னு எல்லாரும் காருக்குக் கெளம்பினப்புறம் அடிச்சது. பத்துத் தடவ நின்னா ரெண்டு தடவ கூட உருப்படியா படல. உங்க மச்சான் இவனவிட நல்லா அடிப்பான்னு சொன்னீங்களே, அது கொஞ்சம் அதிகம். ஆனா கோவம் நியாயமான கோவம்.

நல்லா ஆடுன காலத்துல அவனப் பாத்திருக்கீங்களா? டிவில இல்ல, நேர்ல. சத்தமே வேற மாதிரி இருக்கும். மத்தவங்க அடிச்சா பலகைல தட்டுன மாதிரி கேக்கும். இவன் அடிச்சா கதவ ஓங்கிச் சாத்துன மாதிரி. பீர் விக்கிறவன் முதுகக் காட்டிட்டு நின்னு சில்லற எண்ணிட்டிருப்பான், அந்தச் சத்தத்தக் கேட்டதும் எண்ணுறத விட்டுட்டுத் திரும்பிருவான். ஒரே வருஷத்துல நாப்பத்தொரு ஹோம் ரன் அடிச்சான் டெல்மர். அடுத்த வருஷம் மூணாவது பேஸுக்கு ஓடிச் சறுக்கி விழும்போது எடது மணிக்கட்டு மடங்கிருச்சு. ஆபரேஷன் பண்ணாங்க. எலும்பு கூடிருச்சு, அடி கூடல. அப்பறம் அப்ப ஆடிட்டிருந்த டீம்ல அவன் ஒப்பந்தம் முடிஞ்சுது. யாரு கூப்பிட்டாலும் போலாம். கூப்பிடத்தான் ஆளில்ல.

நம்ம ஹெரன்ஸ் டீமுல மட்டும் ஏன் கூப்பிட்டாங்கன்னுதான கேக்குறீங்க. மொதலாளிக்கு ஒரு பெரிய பேரு வேணும். சீட்டெல்லாம் காலி, டிக்கெட்டு போகல. பிரெண்ட் ஹாலோவெல் தெரியுமில்ல, டீம நடத்துறாரே, கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரரு. அவருகிட்ட கம்ப்யூட்டரோட ஆறு பையங்க இருக்காங்க. ஆறு பேரும் வேண்டாம்னுதான் சொன்னாங்க. இவன் முடிஞ்சு போன ஆளு, பாதி காசு கூடக் குடுக்காதீங்கன்னு எழுதியே குடுத்தாங்க. ஹாலோவெல்லுக்கு மனசு ஆறல. எதுக்கும் ஒரு ஆளு நேர்ல போய்ப் பாக்கட்டும்னாரு. போன வருஷம் செப்டம்பர்ல, டெல்மரோட கடைசி பன்னெண்டு மேட்ச்ச ஒண்ணு விடாமக் கூடவே இருந்து பாத்துட்டு வான்னு ஒருத்தர அனுப்புனாரு.

ஸ்கவுட்டுதான். ஊரு ஊராப் போய் ஆளப் பாத்துச் சொல்ற வேல. ஒரு காலத்துல இந்த டீமுக்கு எட்டு ஸ்கவுட்டு இருந்தாங்க. கம்ப்யூட்டரு வந்தப்புறம் ஆறு பேர வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மிச்சம் ரெண்டு. ஒருத்தரு ஃப்ளோரிடால இருந்தாரு. இன்னொருத்தன் உங்க பக்கத்துல உக்காந்து கடல உரிச்சுட்டிருக்கான்.

ஆமா, நாந்தான். ஆர்லோ விட்டேக்கர். பேரக் கேட்டிருக்க மாட்டீங்க, யாரும் கேட்டதில்ல. முப்பத்தி நாலு வருஷம். மோட்டல் படுக்க, கருகுன காப்பி, மடியில ஒரு நோட்டு.

இப்ப என்னத் திட்டணும்போல இருக்கா? திட்டுங்க. அந்த அறிக்கைய எழுதுனது நாந்தான். ரெண்டே பக்கம். மணிக்கட்டு வலி போயிருச்சு, கை வேகமா வருது, முன்னங்காலு சரியான நேரத்துல எறங்குது, இவன் பழைய டெல்மர்தான், தைரியமா எடுக்கலாம். அவ்வளவுதான் எழுதுனேன். ஹாலோவெல் அதுல நாலு வரிய பத்திரிகைக்காரங்க முன்னாடி வாசிச்சுக் காமிச்சாரு. நம்பரு சொல்லாதத எங்க ஆளு கண்ணு சொல்லுச்சுன்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. நான் வீட்டுல உக்காந்து டிவில பாத்துட்டிருந்தேன்.

அன்னிக்கு சாயந்தரமே டெல்மர் போன் பண்ணான். நம்பர் யாரு குடுத்தாங்களோ. அய்யா, எல்லாரும் கம்ப்யூட்டரப் பாத்தாங்க, நீங்க ஒருத்தர்தான் என்னப் பாத்தீங்கன்னான். ரெண்டு வருஷமா ராத்திரி தூக்கமில்லாம இருந்தேன்யா, எனக்கே என் மேல நம்பிக்க போயிருச்சு, உங்க எழுத்தப் படிச்சப்புறம்தான் திரும்ப வந்துச்சுன்னான். அவன் சம்சாரத்துகிட்டயும் போனக் குடுத்தான். அந்தப் பொண்ணு அழுதுச்சு. நல்லாருங்கம்மான்னு சொல்லி வெச்சேன். வேற என்ன சொல்றது.

இருங்க, வர்றான் பாருங்க. அதான், இருபத்தேழாம் நம்பரு. எடது கைல டேப்பு சுத்திருக்கான் பாத்தீங்களா, அது ஜூலைலருந்து இருக்கு. கத்துறதுன்னா கத்துங்க, நான் காத மூடிக்கிறேன்.

காலப் பாருங்க, கையப் பாக்காதீங்க, முன்னங்காலப் பாருங்க. பந்து வர்றதுக்கு முன்னாடியே எறங்கிருச்சா? உடம்பெல்லாம் முன்னாடியே திரும்பிப் போச்சு, கையில மட்டும் என்ன வலு இருக்கும். ஆச்சு, ஒண்ணு. இது வெளிய போற பந்து, விட்டுரணும். ம், விடல. ரெண்டு. இப்ப மெதுவா ஒண்ணு போடுவான் பாருங்க, இது எங்க வீட்டு நாய்க்கே தெரியும். மூணு ஆச்சு, அவுட்டு. போயிட்டான்.

ஹெல்மெட்டக் கழட்டி எறியுறானான்னு பாத்தேன். எறிய மாட்டான். எறிஞ்சாலாச்சும் பரவால்ல.

அந்தக் காலு சமாச்சாரத்த மொதல்ல கண்டுபுடிச்சது ராமோன் எஸ்கோட்டோ. பேட்டிங் சொல்லிக் குடுக்குறவரு, நல்ல மனுஷன். மார்ச்சுல பயிற்சி ஆரம்பிச்ச மூணாம் நாளே சொல்லிட்டாரு, உன் காலு சீக்கிரம் எறங்குது, மாத்திக்கலாம்னு. டெல்மர் ஒத்துக்கல. இல்ல கோச், போன செப்டம்பர்ல என் காலு சரியாத்தான் எறங்குச்சு, ஆர்லோ நேர்ல பாத்து எழுதிருக்காருன்னான். அந்த ரெண்டு பக்கத்த பிளாஸ்டிக் ஒறைல போட்டு அவன் அலமாரிக் கதவுல ஒட்டி வெச்சிருக்கான். ராமோன் பழைய வீடியோவப் போட்டுக் காட்டிருக்காரு. வீடியோ ஒரு பக்கத்துலருந்துதான் காட்டும், நேர்ல பாத்த கண்ணு வேறன்னு சொல்லிட்டானாம். இது ராமோனே எங்கிட்ட சொன்னது. சொல்லிட்டு என் மொகத்தையே பாத்துட்டிருந்தாரு. நீங்க நேர்ல பாத்திருக்கீங்கல்ல, நான் என்னத்தச் சொல்றதுன்னாரு. ஜூலைல டீமு தோத்துக்கிட்டே வந்துச்சா, யாரையாச்சும் அனுப்பணுமே, ராமோன அனுப்பிட்டாங்க. ரெண்டு பொண்ணு அந்தாளுக்கு, பெரியவ இப்பத்தான் காலேஜு.

டெல்மர் அதுக்கு முந்தியே எங்கிட்ட வந்தான், ஜூன் மாசம். நான் ஜனவரிலயே வேலைய விட்டுட்டேன், ஆனாலும் தேடிட்டு வந்தான். கதவத் தொறந்தா நிக்கிறான், கதவு முழுக்க அவந்தான். பை நெறையா பீச் பழம் வாங்கிட்டு வந்திருக்கான். அய்யா, நீங்க பாத்தீங்கல்ல, அந்தப் பன்னெண்டு மேட்ச்சுல நான் என்ன பண்ணேன், இப்ப என்ன பண்ணல, அத மட்டும் சொல்லுங்கன்னான். சின்னப் புள்ள மாதிரி சமையக்கட்டுல நின்னு, வெறுங்கையால பேட்டப் புடிச்ச மாதிரி வெச்சுக் காமிக்கிறான். இப்படியா நின்னேன், இப்படியான்னு.

நான் என்ன பண்ணேனா? கைய ரெண்டு அங்குலம் மேல வெச்சிருந்தப்பான்னேன்.

சந்தோஷமாப் போனான். மறுநாள்லருந்து தெனம் காலைல முந்நூறு அடி, கைய மேல வெச்சு. மணிக்கட்டு ஆபரேஷன் ஆன ஆளு. நாலு வாரத்துல அந்தப் பழைய எடத்துலயே சத கிழிஞ்சுது. டாக்டரு ஓய்வு எடுன்னாரு. இவ்வளவு காசு வாங்கிட்டு உக்காந்தா ஊரு என்ன சொல்லும்னு டேப்பு சுத்திட்டு ஆடுறான். ஊரு என்ன சொல்லுதுன்னு நீங்கதான் பாக்குறீங்களே.

இல்ல, உங்களச் சொல்லல. தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்களுக்கு என்ன தெரியும்.

நான் மேல வந்து உக்காருறது எதுக்குன்னு கேட்டா, கீழ உக்காந்தா அவன் என்னப் பாத்துருவான். பாத்தா கையத் தூக்குவான். முப்பதாயிரம் சீட்டுல அவன் கையத் தூக்குற ஒரே ஆளு நானு.

ஆமா தம்பி, அதிகமாத்தான் குடுத்துட்டாங்க. நூத்திப் பதினஞ்சு இல்ல, பதினஞ்சே அதிகம். அவனுக்கு ஒரு வருஷம் சும்மா இருக்க விட்டு, காலச் சரி பண்ணி, சின்ன ஊருல சின்னக் காசுக்கு ஆட விட்டிருந்தா ஒருவேள எந்திரிச்சிருப்பான். இப்ப எந்திரிக்க மாட்டான். ஒப்பந்தத்துல இன்னும் நாலு வருஷம் இருக்கு. நாலு வருஷமும் இங்க நின்னு இதையே கேக்கணும்.

என்ன? அந்தப் பன்னெண்டுல அவன் நல்லா ஆடுனது எந்த மேட்ச்சுன்னா? தெரியாது. நான் ஒண்ணு கூடப் பாக்கல.

ஆமா. போகவே இல்ல. நோரீனு, என் வீட்டுக்காரி, அந்த மாசம் இங்க ஆஸ்பத்திரில நாலாவது மாடில இருந்தா. கணையத்துல கட்டி. விமான டிக்கெட்டெல்லாம் போட்டுக் குடுத்துட்டாங்க. போக முடியாதுன்னு சொன்னா என்னாகும்னு எனக்குத் தெரியும், ஏற்கனவே ஆறு பேரு போனவங்கதான. வேல போனா இன்ஷூரன்ஸு போயிரும். ஒரு ஊசி என்ன வெலன்னு தெரியுமா உங்களுக்கு? தெரியாமலே இருக்கட்டும். பேப்பர்ல வந்த ஸ்கோரப் பாத்து தேதி போட்டு எழுதிக்கிட்டேன். போன்ல ரெண்டு மூணு துண்டுப் படம் பாத்தேன், எல்லாம் அவன் அடிச்சது மட்டும். சத்தத்த அணைச்சுட்டுத்தான் பாத்தேன், அவளுக்குச் சத்தம் ஆகாது. மத்ததெல்லாம் நான் நாலு வருஷத்துக்கு முந்திப் பாத்த டெல்மரு. அவ கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து ஒரே மூச்சா எழுதிட்டேன். யாரப் பத்தின்னு கேட்டா. நல்லா அடிக்கிற பையன்மான்னேன். நல்லதா எழுதுங்கன்னா.

வேண்டாம்னு எழுதிருக்கலாமேங்குறீங்க. யோசிச்சேன். வேண்டாம்னு சொல்லத்தான் கம்ப்யூட்டரு இருக்கே, அதுக்கு இந்தக் கெழவன் எதுக்கும்பாங்க. அவன் வேணும்னு எழுதுனாத்தான் நான் வேணும்.

நவம்பர் ஒம்போதாம் தேதி அவ போயிட்டா. டிசம்பர் பத்தாம் தேதி இவன் கையெழுத்துப் போட்டான். நடுவுல ஒரு மாசம் இருந்துச்சு, ஹாலோவெல்லுக்கு ஒரு போன் பண்ணிருக்கலாம். இனி யாருக்காக மறைக்கணும். பண்ணல. ஏன்னு கேட்டா எனக்கே தெரியல, பேசவே புடிக்கல, அவ்வளவுதான்.

கெளம்பிட்டீங்களா? சரி, சரி, உங்களுக்கு வேல இருக்கும். வேர்க்கடலைய எடுத்துட்டுப் போங்க. யாருகிட்ட வேணா சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். சொன்னா நம்புவாங்களான்னு தெரியல.

நான் இருந்து பாத்துட்டுத்தான் போவேன். அவன் இன்னும் ஒரு தடவ வருவான். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வேற வரச் சொல்லிருக்கான், பயிற்சி எடுக்கும்போது பின்னாடி நின்னு பாக்கணுமாம். வர்றேன்னுட்டேன். போன தடவ கைய மேல தூக்கச் சொன்னேன். நாளைக்கு எறக்கச் சொல்லலாம்னு இருக்கேன்.