குமாரத்திக்குக் கன்று அடிக்காத கல்லூரியிலிருந்து, இனாங் லம்தியூர் அவர்களுக்கு

முப்பத்தோராண்டு முதுகு வளையாமல் நின்ற மூவுலகும் போற்றத்தக்க மூதறிவே, நாவல்தோறும் வீழ்ச்சியையும் மீட்பையும் நாடிபிடித்துப் பார்த்த நல்லாசானே, எங்கள் பாசாங்குகளைப் பச்சை மையால் பக்கம் பக்கமாகச் சுழித்த பெருந்தகையே, தாய்முறையில் நாங்கள் இனாங் என்றழைக்கும் லம்தியூர் சிமோரங்கிர் அவர்களே! நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், தாருத்துங் திருச்சபைக் கல்லூரியின் இலக்கியத் துறையினர் தலைகுனிந்து நிற்கிறோம். குனிவதற்குக் காரணம் உண்டு, சொல்கிறோம்.

ஏதேன் தோட்டம் முதல் நேற்று அச்சான நாவல் வரை, விழுவதும் எழுவதுமான ஒரே தடத்தைக் காட்டினீர்கள். காட்டிவிட்டுச் சும்மா இருந்தீர்களா? "கெட்ட குமாரன் திரும்பி வந்தா கொழுத்த கன்னு அடிக்கிறாங்க. குமாரத்தி திரும்பி வந்தா சபை முன்னாடி நிக்க வெச்சுப் பாவத்தைச் சொல்லுங்கிறாங்க. இது என்ன நியாயம், சொல்லுங்கப்பா" என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைத்தீர்கள். சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்க மாட்டார்கள்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், ருமோண்டாங் என்ற மாணவி தேர்வுக்கு ஒரு கதை எழுதினாள். திருச்சபை மூப்பர் ஒருவர் கெடுத்த பெண், சபை முன் பாவ அறிக்கை செய்ய மறுக்கிறாள். "நான் விழல. என்னைத் தள்ளினாங்க" என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறாள். அவ்வளவுதான் கதை. நீங்கள் தொண்ணூற்றிரண்டு மதிப்பெண் போட்டீர்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, நிர்வாகக் குழுத் தலைவர் மூப்பர் கோம்கோம் பங்கபேயன் உங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"கடைசிப் பக்கத்துல அந்தப் பொண்ணு மனந்திரும்பணும் இனாங். இல்லாட்டி முட்டை போடுங்க."

"நான் மாத்த மாட்டேன் அமாங். கதையில எந்த மூப்பர்னு பேரே இல்லையே, உங்களுக்கு ஏன் வேர்க்குது?"

அந்த ஒரு கேள்விக்காக உங்கள் பாடத்தைப் பிடுங்கினார்கள். பதினான்கு ஆண்டுகள் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தீர்கள். ருமோண்டாங் பட்டம் வாங்காமலே பாத்தாம் தீவுத் தொழிற்சாலைக்குப் போனாள். உங்கள்மேல் எழுதப்பட்ட புகாரில் எங்கள் ஒன்பது பேரின் கையெழுத்தும் இருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயத்துக்குப் பணிவு என்று பெயர் வைத்துக்கொண்டோம். வெட்கங்கெட்ட பிழைப்பு.

போன வாரம் அதே தலைவர் ஒரு வரி அனுப்பினார். 'ஒருமுறை தடுமாறினாலும் கல்லூரியின் கருணையால் மீட்கப்பட்டவர்' என்று இம்மடலில் சேர்க்க வேண்டுமாம். உங்கள் தோளில் ஊலோஸ் மரியாதைச் சால்வை போர்த்தி, அவரே அதை வாசிப்பாராம். தள்ளியவரே தூக்கிவிட்டதாகப் பேர் வாங்கப் பார்க்கிறார். அந்த வரியை நாங்கள் எழுதவில்லை. தடுமாறியவர்கள் நாங்கள். ஆகவே இந்தச் சபை முன் ஒன்பது பேரும் எழுந்து நின்று எங்கள் பாவத்தைச் சொல்கிறோம். பத்தாவதாக நிற்க இடம் இருக்கிறது. மூப்பர் அவர்கள் இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில் அவசரமாக மன்னித்துவிடும் நாவலை நீங்கள் என்றைக்கும் தேறவிட்டதில்லை. எங்களையும் இன்று இந்த மேடையில் மன்னித்துவிடாதீர்கள். நோய் நொடி அண்டாமல் நூறாண்டு வாழுங்கள், நிதானமாக யோசியுங்கள், மன்னிக்க மனம் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள்மேல் புகாரில் கையெழுத்திட்ட ஒன்பது பேர்,
இலக்கியத் துறை