படபடப்பு மேடம் உட்கார்ந்த நாற்காலி

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிறுவன இயக்குநர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி முடித்த பெரியவர்களே, முதல் வரிசையில் கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் எங்கள் பேராசிரியரின் அருமை மகளே, ஆய்வுக்கூடத்து நண்பர்களே, கடைசி வரிசைகளில், எந்த நேரமும் எழுந்து போய்விடலாம் என்பதுபோல வாசலுக்குப் பக்கமாகவே அமர்ந்திருக்கும் எங்கள் நோயாளிகளே...

இல்லை. அப்படிச் சொல்லக் கூடாது. சொன்னால் மாலை போட்டிருக்கும் அந்தப் படத்திலிருந்தே பேராசிரியர் அம்மையார் என்னை முறைப்பார். "நோயாளின்னு சொல்லாதீங்க சார். நம்மகூட சேர்ந்து வேலை பாக்குறவங்க அவங்க. கூட்டாளின்னு சொல்லுங்க." எத்தனை முறை திருத்தியிருப்பார்! ஆகவே, கூட்டாளிகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் இதய மருத்துவன். மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. இந்த ஒலிவாங்கியை நான் இறுகப் பிடித்திருப்பதைப் பார்த்து, ஏதோ முழங்கப்போகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். விட்டால் கீழே போட்டுவிடுவேன், அதனால் பிடித்திருக்கிறேன்.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் துணியைப் பாருங்கள். "அஞ்சா நெஞ்சத்துக்கு எங்கள் அஞ்சலி!" எழுத்து அழகாக இருக்கிறது. எதுகையும் நன்றாக விழுந்திருக்கிறது. அன்பினால் கட்டினார்கள். ஆனால் அதிலுள்ள முதல் சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நண்பர்களே, எங்கள் ஆய்வறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று இதயத் துறையின் கதவு. இன்னொன்று மனநலத் துறையின் கதவு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் நான், என் கருவிகள், நெஞ்சில் ஒட்டித் துடிப்பைப் பதிகிற மின்கம்பிகள். அந்தப் பக்கம் பேராசிரியர், இரண்டு நாற்காலிகள், ஒரு மின்விசிறி. பின்னால் ரத்தம் பரிசோதிக்கிற அம்மா. சன்னலோரம் புள்ளிவிவரம் பார்க்கிற தம்பி; அவரை நாங்கள் கணக்கு என்றே கூப்பிடுவோம். பயம் மனிதனின் உடம்பை என்ன செய்கிறது, உடம்பின் நோய் மனிதனை எப்படிப் பயமுறுத்துகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. ஒரே வேலைக்கு இத்தனை துறை! இத்தனை துறைக்கு நடுவில் ஒரு தடுப்பு!

அந்தத் தடுப்பு செய்த வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள். எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் சொல் ஒன்றுதான். "படபடன்னு இருக்குங்க." என் கதவு வழியாக வந்து சொன்னால், நான் நெஞ்சுத் துடிப்புக் கோளாறு என்று பதிவேன். அதே ஆள் அடுத்த கதவு வழியாகப் போய் அதையே சொன்னால், அங்கே மனப்பதற்றம் என்று பதிவார்கள். கணக்கு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தார். சேர்த்துவிட்டு நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்தார். நெஞ்சுத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் மனப்பதற்றமும் இருக்கிறதாம்! உலகம் எங்களைத் திரும்பிப் பார்க்கப்போகிறது என்று எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். கட்டுரையை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

பேராசிரியர் அதை வாசித்தார். மெதுவாகக் கேட்டார்: "ஏன் சார், ஒரு ஆளு ஒரே வார்த்தையை ரெண்டு கதவுல சொன்னா, அது ரெண்டு நோயா?"

கணக்கு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. படபடப்பு என்றால் இதயத்தின் துடிப்புதான், அகராதியைப் பாருங்கள் என்று கத்தினேன். அதற்கு அவர் சொன்னதை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். "பயந்தா வயித்துல புளியைக் கரைக்குதுங்கறோம். ஈரக்குலை நடுங்குதுங்கறோம். நெஞ்சு பக்குன்னுச்சு, கை கால் உதறுச்சு, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சுங்கறோம். இதுல எங்க சார் உடம்பு முடியுது, எங்க மனசு ஆரம்பிக்குது? பேசறவங்க யாரும் கோடு கிழிக்கலை. நாமதான் பலகை வெச்சு அடிச்சிருக்கோம்."

அடுத்த வாரம் தச்சர் வந்தார். தடுப்பு போயிற்று. என் பக்கத்து ஆணியைப் பிடுங்கக் கூடாது என்று அந்தத் தச்சரிடம் நான் சண்டை போட்டதை இங்கே பலர் பார்த்திருக்கிறீர்கள், சிரிக்கிறீர்கள், தெரிகிறது. அன்றைக்குக் கணக்கு பேராசிரியருக்கு வைத்த பெயர்தான் படபடப்பு மேடம். அவருக்கும் அது பிடித்துப்போனது. தொலைபேசியை எடுத்தால்கூட, "படபடப்பு மேடம் பேசறேன்" என்பார்.

தடுப்பு போனதும் அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலை தொடங்குவதற்கு முன் எங்களிடம் ஒரு கேள்வி: "இந்த வாரம் யாருக்கு என்ன பயம்?" மற்றவர்களின் பயத்தை அளக்கிறவர்கள் தங்கள் பயத்தைச் சொல்லிவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும். ரத்தம் பரிசோதிக்கிற அம்மா, குளிர்பெட்டி நின்றுவிடுமோ என்று பயம் என்பார். கணக்கு ஒருமுறை, "என் கணக்கு சரியா வந்துடுமோன்னு பயமா இருக்கு மேடம், வந்தா ஆராய்ச்சி முடிஞ்சுடும், அப்புறம் வேற வேலை தேடணும்" என்றார். என் முறை வரும். "எனக்கு ஒண்ணும் இல்லை" என்பேன். அவர் விடமாட்டார். "சாருக்கு ஒண்ணும் இல்லையாம். சரி, அடுத்த வாரமும் கேப்போம்." அடுத்த வாரமும் கேட்டார். எல்லா வாரமும் கேட்டார். எல்லா வாரமும் எனக்கு ஒன்றும் இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதை இங்கே கடைசி வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். என் கம்பிகளைக் கண்டாலே சிலருக்கு வியர்த்துவிடும். அப்போது அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கும் ஒட்டுங்க சிஸ்டர்" என்பார். தன் மார்பிலும் கையிலும் கம்பிகளை ஒட்டிக்கொண்டு, அவர்களோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். இருவரின் துடிப்பும் பதிகிற இரண்டு காகிதமும் ஒன்றாக ஓடும். எத்தனை படித்தவர்! எத்தனை மாநாடுகளில் பேசியவர்! ஒரு பேருந்து ஓட்டுநரின் பயம் இறங்க வேண்டும் என்பதற்காகத் தன் நெஞ்சைக் கருவிக்குக் கொடுத்த பேராசிரியரை நீங்கள் வேறு எங்காவது கண்டதுண்டா?

இனி நான் சொல்லப்போவது எங்களுக்குப் பெருமை தருவது அல்ல. ஆனாலும் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

கடைசி நாட்களில் அவர் எங்களிடம் சொன்னார். அறையின் நடுவில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார். "எனக்கு ஒரு மாதிரி படபடப்பா இருக்கு."

நாங்கள் சிரித்தோம், நண்பர்களே! "அது உங்க பேர்தானே மேடம்!" என்றார் ஒருவர். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார். ஒரு சொல்லுக்காகச் சுவரையே உடைத்த அறை அது. அந்தச் சொல்லை ஊரில் யார் சொன்னாலும் உட்கார வைத்துக் கேட்கிற அறை அது. அந்த அறையில், அவர் சொன்னபோது மட்டும், அது எங்களுக்குப் பெயராகக் கேட்டது. இதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டா?

போன வாரம் வியாழக்கிழமை காலை அந்தப் பேருந்து ஓட்டுநர் வந்தார். வழக்கம்போலப் பயந்தார். வழக்கம்போலப் பேராசிரியர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தனக்கும் கம்பிகளை ஒட்டிக்கொண்டார். காகிதம் ஓடியது. செவிலியரின் முகம் மாறியது. கூப்பிட்டார், ஓடிவந்தேன், பார்த்தேன். ஓட்டுநரின் கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இவருடைய கோடு... என் வாழ்நாளில் எத்தனையோ பார்த்தவன் நான், பார்த்ததுமே தெரிந்தது, மாரடைப்பு. "மேடம், படுங்க" என்றேன். அவரோ, "முதல்ல அவருக்குக் கழட்டி வெளிய அனுப்புங்க சார். பாத்தா பயந்துடுவாரு" என்றார்.

அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். மதியம் வரை எங்களோடு இருந்தார். சாயங்காலம் இல்லை.

இப்போது அந்தத் துணிக்கு வருகிறேன். அஞ்சா நெஞ்சமாம்! சிரித்த முகத்தோடு போனார் என்று சற்று முன் ஒருவர் பேசினார். மன்னிக்க வேண்டும், பக்கத்தில் இருந்தவன் நான். அவர் சிரிக்கவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கு சார்" என்றார். தெளிவாகச் சொன்னார். பிறகு, "உங்களுக்கு?" என்று கேட்டார்.

அந்த நிலையிலும் கேட்டார்! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணும் இல்லை மேடம்" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "அடுத்த வாரம் கேக்கறேன்" என்றார்.

அப்புறம் மகள் வந்தார். "அம்மா, பயப்படாதம்மா" என்று அழுதார். "பயப்படத்தான் செய்வேன். நீ கையைப் பிடி" என்றார் தாய். மகள் பிடித்தார். தலைமாட்டில் இருந்த திரையில் துடிப்பின் வேகம் கொஞ்சம் இறங்கியது. நான் பார்த்தேன். கை பட்டதால்தான் இறங்கியதா, மருந்தினாலா, எனக்குத் தெரியாது. ஒருமுறை பார்த்ததை வைத்து முடிவு சொன்னால் அவரே என்னைச் சும்மா விடமாட்டார். பார்த்தேன் என்பதை மட்டும் இந்த அவையில் பதிவு செய்கிறேன்.

இன்று நான் இந்த மண்டபத்துக்குள் நுழையும்போது அந்த ஓட்டுநர் வாசலில் நின்றிருந்தார். இப்போதும் அந்தத் தூணுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார்: "டாக்டர், என்னோட படபடப்புதான் மேடத்துக்கு ஒட்டிக்கிச்சா? நான் அன்னைக்கு வராம இருந்திருந்தா அவங்க இருந்திருப்பாங்களா?" அந்த வியாழனிலிருந்து அவர் வண்டியில் ஏறவில்லை. படியில் கால் வைத்தாலே உடம்பு வெடவெடக்கிறதாம்.

அவருக்கு மட்டும்தானா அந்தக் கேள்வி? உங்களில் எத்தனை பேர் அதற்குப் பிறகு எங்கள் அறைக்கு வந்தீர்கள்? ஒருவரும் இல்லை. அந்த இரண்டு நாற்காலிகளும் காலியாகக் கிடக்கின்றன. தொலைபேசியில் கூப்பிட்டால், "மேடத்துக்கே இப்படின்னா எங்க கதி என்னங்க?" என்கிறீர்கள். இயக்குநர் அவர்களும் என்னிடம் நேராகவே சொன்னார்: வருகிறவர்கள் வராவிட்டால் ஆய்வு ஏது? அறையைப் பழையபடி இரண்டாக்கி அவரவர் துறைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. அந்தப் பலகைகள் இன்னும் கிடங்கில்தான் இருக்கின்றன.

ஓட்டுநர் ஐயா, உங்களுக்குத்தான் சொல்கிறேன். எல்லோரும் கேட்கட்டும். பயம் காய்ச்சலைப்போல ஒட்டிக்கொண்டு ஆளைக் கொல்வதில்லை. அவருடைய ரத்தக்குழாயில் அடைப்பு வளர்ந்து பல காலம் ஆகியிருந்தது. அது உங்களிடமிருந்து வந்தது அல்ல. முன்பெல்லாம் அவர் உட்கார்ந்தபோது கோடு அதைக் காட்டவில்லை. காட்டாமல் ஒளிந்துகொள்வதும் உண்டு. நீங்கள் அன்று வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டார். மாடிப்படியிலோ நடைக்கூடத்திலோ, யாரும் இல்லாத இடத்தில் விழுந்திருப்பார். நீங்கள் வந்தீர்கள், நீங்கள் பயந்தீர்கள், அதனால் அவர் உட்கார்ந்தார், அதனால் எங்களுக்குத் தெரிந்தது. அந்த மதியம் உங்கள் பயத்தால் கிடைத்த மதியம், ஐயா. மகள் வந்து தாயின் கையைப் பிடிக்க நேரம் கொடுத்தது நீங்கள். பழி தேடினால் அது எங்கள் அறைக்கு வரும், எங்கள் சிரிப்புக்கு வரும். உங்களிடம் வராது.

அவைப் பெரியோர்களே, இரங்கல் கூட்டத்தில் சபதம் செய்வது மரபு. அவர் விட்ட பணியைத் தொடர்வோம், அவர் கனவை நனவாக்குவோம் என்றெல்லாம் சொல்லிவிட்டு இறங்கினால் கைதட்டுவீர்கள். எனக்கு அது வேண்டாம். அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் கேட்கிறேன் என்றார் அல்லவா? அந்த அடுத்த வாரம் வந்துவிட்டது.

மேடம், எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் போனதிலிருந்து என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. இப்போதும் அடிக்கிறது. ஊருக்கெல்லாம் கம்பி ஒட்டுகிற நான், எனக்கு ஒட்டிப் பார்க்கவில்லை. காகிதத்தில் என்ன வருமோ என்று பயம். ஒன்றும் வராவிட்டால் அதை நம்பலாமா என்று அதைவிடப் பயம். உங்கள் இடத்தில் என்னை உட்காரச் சொல்கிறார்கள். அதை நினைத்தால் ஈரக்குலை நடுங்குகிறது. எது உடம்பு, எது மனசு என்று எனக்குத் தெரியவில்லை மேடம். இரண்டு கதவும் உள்ள அந்த அறைக்குத்தான் நானும் போக வேண்டும்.

இயக்குநர் அவர்களே, திங்கட்கிழமை காலை அந்த இரண்டு கதவுகளையும் நான் திறக்கிறேன். பலகைகள் கிடங்கிலேயே இருக்கட்டும். எங்களில் யார் படபடப்பு என்று சொன்னாலும் இனி அந்த அறையில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். முதல் நாற்காலியில் நான் உட்காருகிறேன். செவிலியர் எனக்குக் கம்பிகளை ஒட்டட்டும்.

பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். ஓட்டுநர் ஐயா, நீங்கள் வர வேண்டும். உங்களுக்குப் பரிசோதனை ஒன்றும் இல்லை. எனக்குக் கம்பி ஒட்டும்போது சும்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது பேசிக்கொண்டிருங்கள், போதும்.