ரெட்டைக் கோடு

போதும், அறிவுரை கேட்டுக் கேட்டு உங்களுக்கும் சலிச்சுப் போயிருக்கும். ஒரு வீட்டு வாசலுக்கு உங்களைக் கூட்டிட்டுப் போறேன், வாங்க. சின்னக் கதைதான். முன்வரிசையில மீசையை முறுக்கிட்டு உக்காந்திருக்கிற பெரியவங்களும் வரணும்... உங்களுக்காகத்தான் சொல்லப்போறேன்.

கோவில்பட்டி பக்கம் ஒரு ஊரு. அங்க செண்பகம்னு ஒரு பொண்ணு, பன்னெண்டாம் வகுப்பு. அவ தொட்டில்ல கிடக்கும்போதே தாத்தா சொல்லிட்டாரு, "இவ என் மகன் வேலுச்சாமிக்குத்தான்"னு. வேலுச்சாமி யாரு? செண்பகத்தோட அம்மாவுக்குத் தம்பி. தாய்மாமன். நம்ம ஊர்ல இது புதுசா? இல்லையே.

அந்த வீட்டுல ஒரு பெரியம்மா உண்டு. ராக்கம்மா. தாத்தாவோட மூத்த மக. ரெண்டு புள்ளைங்க, ரெண்டுக்கும் பிறவியிலேயே காது கேக்காது. நல்ல சூட்டிகையான புள்ளைங்க, கையாலேயே கதை பேசும். அது ஒரு குறையே இல்லைங்க. குறை எங்க இருந்துச்சு தெரியுமா? ஊர் வாயில இருந்துச்சு. "கல்யாணமான வருஷம் குலசாமி கோயில்ல ராக்கம்மா வச்ச பொங்கல் பொங்காம அடங்கிப் போச்சு, அந்தச் சாமி குத்தம்தான் புள்ளைங்க தலையில விடிஞ்சிருக்கு"ன்னாங்க. அன்னையிலேருந்து கோயில்ல அவ பானையைத் தொடக் கூடாது. தள்ளி நின்னு விறகு எடுத்துக் குடுக்கலாம், அவ்வளவுதான்.

பரிகாரம் என்ன சொன்னாங்க தெரியுமா? "சாமி கோபம் ஆறணும்னா வீட்டுப் பொண்ணை வெளிய குடுக்கக் கூடாது, சொந்தத்துக்குள்ளேயே முடிக்கணும்." இதை மனசுல வச்சுக்கங்க... திரும்ப வருவேன்.

இந்த நேரத்துல பள்ளிக்கூடத்துல மரபியல் பாடம் வருது. ஜெனிபர் டீச்சர் கேக்குறாங்க, "ஏம்ப்பா, பரீட்சையில ரெண்டு பேரு ஒரே பேப்பரைப் பாத்துக் காப்பி அடிச்சா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?" கடைசி பெஞ்சுல ஒருத்தன் சொல்றான், "தப்பும் ஒரே மாதிரி இருக்கும் டீச்சர்." அனுபவசாலி.

"அதேதான். நம்ம உடம்புல ஒவ்வொரு வேலைக்கும் டி.என்.ஏ.வுல ரெண்டு பிரதி இருக்கு. ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு அப்பா குடுத்தது. ஒண்ணுல பிழை இருந்தா, பல சமயம் இன்னொண்ணு சமாளிச்சிரும். ரெண்டுலயும் அதே பிழை இருந்தா? சமாளிக்க ஆளில்ல. அம்மாவும் அப்பாவும் ஒரே குடும்பம்னா, ரெண்டு பேருக்கும் அதே பிழை ஒரே மூதாதைகிட்ட இருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்."

அப்புறம் வம்சாவளிப் படம் வரையச் சொல்லிக் குடுத்தாங்க. ஆணுக்குக் கட்டம், பொண்ணுக்கு வட்டம். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல ஒரு கோடு. அவங்க சொந்தக்காரங்கன்னா... ரெட்டைக் கோடு.

பரிசம் போடுற நாள் வந்துச்சு. விடிஞ்சதும் தாத்தா கதவைத் திறக்குறாரு. வாசல் முழுக்கக் கோலமாவு. கட்டம், வட்டம், கோடு. "என்ன புள்ள இது? புள்ளியும் இல்ல, பூவும் இல்ல?"

"நம்ம குடும்பம் தாத்தா. இந்தக் கட்டம் நீங்க. பக்கத்து வட்டம் ஆச்சி."

"நடுவுல ஏன் ரெண்டு கோடு?"

"ஆச்சி உங்க அக்கா மகதானே தாத்தா. கீழ இது பெரியம்மா. பெரியப்பா உங்க தங்கச்சி மகன். அங்கயும் ரெட்டைக் கோடு. அதுக்குக் கீழ ரெண்டு புள்ளைங்க."

அந்த ரெண்டுல மட்டும் காவி நிறைச்சிருந்தா. டீச்சர் சொன்னதை அப்படியே தாத்தாவுக்குச் சொன்னா. அதுக்குள்ள வீடே வாசலுக்கு வந்திருச்சு. கடைசியா ஓரத்துல ஒரு வட்டம், ஒரு கட்டம். நடுவுல கோடு இல்ல.

"இது நான், அது மாமா. எல்லாருக்கும் இப்படி ஆகும்னு நான் சொல்லல தாத்தா. நம்ம வீட்டுல ஆகியிருக்கு. எனக்குப் பயமா இருக்கு, நான் படிக்கவும் ஆசைப்படுறேன். இந்தக் கோட்டை நான் போட மாட்டேன். போடணும்னா நீங்க போடுங்க." கோலமாவுக் கிண்ணத்தை நீட்டுறா.

தாத்தா கிண்ணத்தையே பாக்குறாரு... கை வரல.

அப்போ பின்னாடியிருந்து ராக்கம்மா வந்தா. காவி நிறைச்ச இடத்துக்கிட்ட குத்தவச்சு உக்காந்தா. மெதுவா கேட்டா, "ஏ புள்ள... அப்போ நான் வச்ச பொங்கலால இல்லியா?"

"இல்ல பெரியம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா, பெரியம்மா. நீங்க ஒண்ணுமே பண்ணல."

அவ அழுதா பாருங்க... அத்தனை வருஷ அழுகை. வேலுச்சாமி வந்து அக்காவைத் தூக்கி நிறுத்துனான். அப்பாவைப் பாத்துச் சொன்னான், "நான் தூக்கி வளத்த புள்ளப்பா இது. படிக்கட்டும். இவ கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் தூக்கிட்டு முதல் ஆளா நான் வாரேன். மாப்பிள்ளையா வேண்டாம்." பரிசம் அன்னைக்கு நடக்கல.

அந்த வருஷம் குலசாமி கோயில் கொடைத் திருவிழாவுல தாத்தா பொங்கப் பானையை எடுத்தாரு. எல்லாரையும் தாண்டிப் போனாரு. விறகு பக்கத்துல நின்ன மககிட்ட நீட்டுனாரு. "ராக்கு... நீ வைம்மா."

இப்போ சொல்லுங்க. பரிகாரம்னு, மருந்துன்னு எதைக் குடுத்தாங்க அந்த வீட்டுல? நோவு எதுல வந்துச்சோ, அதையே இன்னொரு கரண்டி ஊத்தப் பாத்தாங்க. கெட்டவங்களா அவங்க? இல்ல. தெரியாதவங்க. ஆனா அந்தத் தெரியாமைக்கு ஒரு பொம்பளை தள்ளி நின்னு விறகு பொறுக்கினாளே, அதுதான் எனக்குப் பொறுக்கல.

"பொட்டப்புள்ள பயாலஜி படிச்சு என்ன கிழிக்கப்போறா"ன்னு கேக்குறீங்களே... ஒரு தாய் மேல சுமத்துன பழியைக் கிழிச்சுப் போட்டா, போதாதா? உங்க வீட்டுப் புள்ள நாளைக்கு வாசல்ல எதையாவது வரைஞ்சு வச்சா, மிதிச்சுட்டுப் போயிடாதீங்க. நின்னு, "இது என்னம்மா"ன்னு கேளுங்க. உங்க வீட்டுலயும் ஒரு ராக்கம்மா அந்தப் பதிலுக்காகக் காத்துக்கிட்டு நிக்கலாம்.